பாதிக்குப் பாதி வாங்கியவர் பதில் சொல்லட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் "எல்விஸ் பிரஸ்லியின் கலை வாழ்வைக் குலைத்தது புகழா, மேனேஜரா?" இதுதான் தலைப்பு. மேனேஜர்தான் என்பது எங்கள் கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், புகழ்தான் என்று சொல்லி அரங்கையே கண்கலங்க வைத்துவிட்டார். வீட்டு வாசலில் கூட்டம், தெருவில் நடக்க முடியவில்லை, படம் பார்க்கக்கூட ராத்திரியில் தியேட்டரை வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது, தனிமை, மாத்திரை, 42 வயதில் மரணம். எல்லாம் உண்மை ஐயா. ஆனால் இவ்வளவு பேசியவர் அந்த மேனேஜர், 'கர்னல்' டாம் பார்க்கர் என்ற பெயரை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதுவும் நீங்கள் மணி அடித்த பிறகு!

யார் இந்தக் கர்னல் பார்க்கர்? எந்தப் போரில் சண்டை போட்டார் என்று தேடாதீர்கள். 1948-ல் லூசியானா ஆளுநர் கொடுத்த கௌரவப் பட்டம் அது. சரி, டாம் பார்க்கராவது நிஜமா? அதுவும் இல்லை. நெதர்லாந்தின் பிரேடா நகரில் 1909-ல் பிறந்த ஆண்ட்ரியாஸ் வான் கௌக் அவர். முறையான அனுமதி இல்லாமல் அமெரிக்காவுக்குள் வந்து, கார்னிவல் கூடாரங்களில் தொழில் கற்று, மேற்கு வர்ஜீனியாதான் பிறந்த ஊர் என்று எல்லோரையும் நம்ப வைத்தவர்.

கெட்டிக்காரர் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். 1955 நவம்பரில், மெம்பிஸின் சன் இசைத்தட்டுக் கம்பெனியிடமிருந்து எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்.சி.ஏ. என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனம் 35,000 டாலருக்கு வாங்கியது. பாக்கி ராயல்டிக்கு இன்னொரு 5,000. தென் மாநிலங்களைத் தாண்டி அதிகம் பேர் அறியாத 20 வயதுப் பையனுக்கு அன்றைக்கு அது மலைக்க வைக்கும் தொகை. அடுத்த வருடம் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மூன்று முறை தோன்ற 50,000 டாலர். முதல் நாள் பார்த்தவர்கள் சுமார் 6 கோடிப் பேர். 'எல்விஸைப் பிடிக்கும்' என்று பேட்ஜ் விற்றார். 'எல்விஸைப் பிடிக்காது' என்றும் பேட்ஜ் விற்றார். பிடிக்காதவன் சட்டைப் பையையும் விட்டுவைக்காத மனுஷன்!

ஆனால் ஒன்று. அந்தக் குரலைக் கண்டெடுத்தது பார்க்கர் இல்லை. 1954 ஜூலையில் சன் கம்பெனி முதலாளி சாம் பிலிப்ஸின் சின்ன ஸ்டுடியோவில், ஸ்காட்டி மூர் கிதாரும் பில் பிளாக் பாஸும் வாசிக்க, கறுப்பின ப்ளூஸ் கலைஞர் ஆர்தர் க்ருடப்பின் பாட்டை எல்விஸ் தன் போக்கில் பாடினாரே, அங்கேயே பிறந்துவிட்டது. பார்க்கர் கைக்கு வந்தது தயாரான சொத்து. அதை அவர் என்ன செய்தார் என்பதுதான் வழக்கு.

ராணுவத்திலிருந்து 1960-ல் திரும்புகிறார் எல்விஸ். மறு வருடம் மார்ச்சில் ஹவாயில் ஒரு நிதி திரட்டும் கச்சேரி. அதற்குப் பிறகு 1968 வரை ரசிகர்கள் முன்னால் ஒரு கச்சேரி கிடையாது! ஏழு வருடம்! புகழ் ஒரு பாடகனை மேடைக்கு இழுக்குமா, மேடையிலிருந்து இறக்குமா? இறக்கியது கால்ஷீட். அறுபதுகளில் மட்டும் 27 படங்கள். படம் பாட்டு ஆல்பத்துக்கு விளம்பரம், ஆல்பம் படத்துக்கு விளம்பரம், இரண்டிலும் கர்னலுக்குப் பங்கு. ராணுவத்துக்குப் போகும் முன் மைக்கேல் கர்டிஸ் போன்ற இயக்குநரிடம் நடித்து நல்ல பெயர் வாங்கியவர், பிறகு இறாலைப் பற்றிப் பாடினார். ஸ்போர்ட்ஸ் காருக்குள் ரும்பா ஆட இடம் போதவில்லை என்று பாடினார். சத்தியமாக அப்படிப் பாட்டுகள் இருக்கின்றன, நடுவர் அவர்களே!

ஏன் இந்தக் கதி? எல்விஸ் உன் பாட்டைப் பாட வேண்டுமென்றால், பாட்டின் வருமானத்தில் ஒரு பங்கை எங்களுக்கு எழுதிக்கொடு என்பது பார்க்கர் தரப்பு வைத்த ஏற்பாடு. கையில் நல்ல பாட்டு வைத்திருப்பவன் எதற்குத் தருவான்? தரச் சம்மதித்தவன் பாட்டுதான் வந்து சேர்ந்தது. எழுபதுகளில் அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டனின் காதல் பிரிவுப் பாட்டு ஒன்றை எல்விஸ் ஆசைப்பட்டுக் கேட்டார். பதிப்புரிமையில் பாதி வேண்டும் என்றார் பார்க்கர். ராத்திரி முழுக்க அழுதேன், ஆனாலும் கொடுக்கவில்லை என்று அந்த அம்மா பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1992-ல் விட்னி ஹூஸ்டன் பாடி உலகமே முணுமுணுத்ததே, அதே பாட்டுதான். எல்விஸ் குரலில் நமக்குக் கிடைக்காமல் போனதற்குப் புகழா காரணம்?

இப்போது என் முக்கியமான சாட்சி. 1968. என்.பி.சி. தொலைக்காட்சியில் கிறிஸ்துமஸ் பாட்டுகளாக நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்பது பார்க்கரின் திட்டம். இளம் இயக்குநர் ஸ்டீவ் பைண்டர் மறுத்தார். வெளியே தலை காட்டினால் கூட்டம் பிய்த்துவிடும் என்று எல்விஸ் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. வாங்க பார்க்கலாம் என்று சன்செட் சாலையில் கொண்டுபோய் நிறுத்தினாராம் பைண்டர். போகிறவர் வருகிறவர் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! எதிரணித் தலைவர் அவர்களே, கலைஞனைக் கொல்லுகிற புகழ் என்றீர்களே, அன்றைக்கு அது எங்கே போயிருந்தது?

ஒத்திகை முடிந்ததும் உடைமாற்றும் அறையில் எல்விஸ் நண்பர்களோடு கிதாரை வைத்துக்கொண்டு சிரித்துப் பேசிப் பாடுவதை பைண்டர் கவனித்தார். இதுதான் நிகழ்ச்சி என்று முடிவு செய்தார். குத்துச்சண்டை மேடை போல ஒரு சின்னச் சதுரம், கறுப்புத் தோல் உடை, பக்கத்தில் பழைய ஸ்காட்டி மூர், கைக்கெட்டும் தூரத்தில் ரசிகர்கள். வேர்த்து ஊற்ற, பாடும்போதே தன்னைத் தானே கிண்டல் பண்ணிக்கொண்டு, அந்த மனிதர் 33 வயதில் மறுபடி பிறந்தார். அடுத்த வருடம் மெம்பிஸில் இசைத் தயாரிப்பாளர் சிப்ஸ் மோமனின் ஸ்டுடியோ. அங்கேயும் பார்க்கர் தரப்பு ஆட்கள் ஒரு பாட்டில் பங்கு கேட்டார்கள், மோமன் முடியாது என்றார். அந்தப் பாட்டுதான் எல்விஸுக்கு அமெரிக்கப் பட்டியலில் கிடைத்த கடைசி முதலிடம். அதே ஆள், அதே புகழ். கர்னலின் பேச்சைக் கேட்காத இரண்டு தடவையும் கலை தலை நிமிர்ந்தது.

அப்புறம் லாஸ் வேகஸ். 1969 முதல் 1976 வரை 636 ஹவுஸ்ஃபுல் காட்சிகள், பெரும்பாலும் ஒரே நாளில் இரண்டு. மேடையில் எல்விஸ் பாட, சூதாட்ட மேஜையில் பார்க்கர். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அமெரிக்காவுக்கு வெளியே அவர் பாடியது 1957-ல் கனடாவில் நடந்த ஐந்தே கச்சேரிகள். லண்டன், டோக்கியோ எல்லாம் காத்திருந்தன. கர்னலிடம் அமெரிக்க பாஸ்போர்ட் இல்லாததுதான் காரணம் என்று பலர் கருதுகிறார்கள். நானும் அந்தக் கட்சி.

எதிரணியில் அடுத்துப் பேசப் போகிற அம்மா ஒன்று கேட்பார்கள்: கையெழுத்துப் போட்டது எல்விஸ்தானே, துரத்தியிருக்கலாமே? துரத்தினார் அம்மா! 1973-ல் வேகஸில் சண்டை போட்டு வெளியே போ என்றார். பார்க்கர் உட்கார்ந்து, தனக்கு வரவேண்டிய பாக்கி என்று பெரிய பில் எழுதி அனுப்பினார். அப்பா வெர்னன் கணக்குப் பார்த்தார், கட்ட முடியாது என்று தெரிந்தது, மகன் பணிந்தார். அதே வருடம்தான், அதுவரை பதிவான பாட்டுகளின் எதிர்கால ராயல்டி மொத்தத்தையும் ஆர்.சி.ஏ.வுக்கு 54 லட்சம் டாலருக்கு விற்றார்கள். அதிலும் பார்க்கருக்குப் பாதிக்குப் பாதி. எல்விஸ் பங்கில் வரி வேறு.

மாத்திரை சாப்பிட்டது எல்விஸ்தான், மறுக்கவில்லை. ஆனால் 1977 ஆகஸ்ட் 16-ல் இறந்தவருக்கு ஆகஸ்ட் 17-ல் மெய்ன் மாநிலத்தில் கச்சேரி. உடம்பு அந்த நிலையில் இருந்த ஆளுக்கு ஊர் ஊராகத் தேதி குறித்தது ரசிகனா?

மகள் லிசா மேரியின் நலனுக்காக மெம்பிஸ் நீதிமன்றம் 1980-ல் ஒரு வழக்கறிஞரை நியமித்து விசாரித்தது. பார்க்கர் எல்விஸின் நலனுக்கு விரோதமாக நடந்தார் என்று அறிக்கை வந்தது. வழக்குப் போடச் சொன்னார் நீதிபதி. அப்போது கர்னல் சொன்ன பதில் தெரியுமா? நான் அமெரிக்கக் குடிமகனே இல்லை, என் மேல் இங்கே வழக்குப் போட முடியாது என்றார்! கடைசியில் 1983-ல் சமரசம் ஆனது.

நடுவர் அவர்களே, அந்த வழக்கில் புகழைக் கூண்டில் ஏற்றச் சொல்லி யாரும் மனுப் போடவில்லை. நன்றி, வணக்கம்.