பெல்கனிக் கம்பி ஆடினால் காலைப் பாருங்கள்

வணக்கம் உறவுகளே. ஹட்டனில் இன்றைக்கும் மழைதான், அதனால் கமராவைக் கதவுக்கு உள்ளேயே வைத்துப் பேசுகிறேன். இதோ, பெல்கனிக் கம்பியைப் பிடித்து உலுக்குகிறேன், பாருங்கள். அசையவில்லை. போன வருஷம் இதே இடத்தில் இருந்த பழைய கம்பி, விழப்போகிற பால்பல் மாதிரி ஆடியது.

அதுவும் நல்ல தடிப்பமான குழாய்தான். கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. போல்ட்கள் கொங்கிரீட்டைத் தொடவே இல்லை. டைலிலும் அதன் கீழே போட்ட சாந்திலும் இரண்டு அங்குலம் இறங்கி நின்றிருக்கின்றன. அவ்வளவுதான்.

நிமிர்த்தி வைத்த அலவாங்கு என்று இந்தக் கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். 42 அங்குல உயரத்தில் ஒருவர் 50 கிலோ பாரத்தோடு சாய்கிறார். கீழே போல்ட்களுக்கு நடுவே 4 அங்குலம்தான் என்றால், உள்பக்க போல்ட்களைப் பிடுங்கும் விசை 500 கிலோவைத் தாண்டும். சாந்து எப்படித் தாங்கும்?

இந்த முறை டைலை வெட்டி, கீழே இருக்கிற கொங்கிரீட் ஸ்லாபிலேயே துளை போட்டோம். ஓரத்துக்குக் கிட்ட சாதாரண விரியும் போல்ட் போட்டு முடுக்கினால் கொங்கிரீட் வெடித்துவிடும், அதனால் ரெசின் ஊற்றிப் பிடிக்கிற கெமிக்கல் அங்கர் வாங்கினேன். துளைக்குள் தூசி இருந்தால் ரெசின் தூசியைத்தான் பிடிக்கும், கொங்கிரீட்டை அல்ல. வேலை செய்ய வந்த பாஸ் வாயால் ஊதப் பார்த்தார். நான் சைக்கிள் பம்பைக் கொண்டுவந்து கொடுத்தேன். சிரித்தார், ஆனால் ஊதினார். அப்புறம் பிரஷ் போட்டு, மறுபடியும் ஒருமுறை. இன்னொன்று, நம்ம ஊர்க் குளிரில் ரெசின் இறுக அதிக நேரம் எடுக்கும். எந்த வெப்பநிலைக்கு எவ்வளவு நேரம் என்று டியூபிலேயே அட்டவணை இருக்கும். அதைப் பார்க்காமல் நட்டை முடுக்காதீர்கள்.

குறுக்குக் கம்பி வைத்த டிசைன்தான் எனக்குப் பிடித்திருந்தது. அக்கா மகன் பக்கத்து வீட்டில் அதே மாதிரிக் கம்பியில் ஏணி ஏறுவதுபோல ஏறியதைப் பார்த்த அன்றே அந்த ஆசை போய்விட்டது. நெடுக்குக் கம்பிதான் போட்டிருக்கிறேன், இடைவெளி எங்கேயும் 4 அங்குலத்தை எட்டவில்லை.

ஸ்டீல் வாங்கும்போது, காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு என்பார்கள். நம்பாதீர்கள். 304 என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகையில் போலவே, அதைவிட நிக்கல் குறைந்த 202 வகையிலும் காந்தம் ஒட்டாது, ஆனால் மழைக்கு அது சீக்கிரம் கறை பிடிக்கும். பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். ஜீஐ, அதாவது நாகம் (சிங்க்) பூசிய இரும்புக் குழாய் என்றால், வெல்டிங் சூட்டில் நாகப்பூச்சு எரிந்துபோன இடத்தில் கட்டாயம் நாகம் கலந்த பெயின்ட் அடியுங்கள். துரு அங்கேதான் தொடங்கும்.

கம்பிக் காலின் அடியில் போல்ட் போடுகிற தட்டைச் சுற்றிச் சிலிக்கன் பசை வைத்தோம். முன்பு போல்ட் துளை வழியாக இறங்கிய தண்ணீர் கீழ் அறைக் கூரையில் போட்ட கறை இன்னும் அப்படியே இருக்கிறது, அதைக் காட்ட அம்மா விடமாட்டார்.

படிக்கட்டுக்கு இன்னும் கம்பி போடவில்லை. இப்போதைக்குத் தேயிலைச் சாக்குக் கட்டுகிற கயிறுதான். மழை விட்டதும் பாஸ் வருவார், 36 அங்குலத்தில் கைப்பிடி. சரி, கிரைண்டர் சத்தத்தோடு அடுத்த வீடியோவில் பார்ப்போம்.