ஒரு மணி நேரக் கோச்சிங் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். பையனைக் கிரிக்கெட் கோச்சிங்கில் சேர்த்துவிட்டோம், ஆனாலும் எடை குறையவில்லையே என்று சேலத்தில் பல பெற்றோர் கேட்கிறார்கள். ஒரு நாள் மைதானத்து ஓரமாக உட்கார்ந்து கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு பேட்டுக்குப் பதினைந்து பிள்ளைகள் வரிசையில் நின்றால், அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் பிள்ளை உண்மையில் ஓடுவது பத்து, பதினைந்து நிமிடம் இருந்தாலே அதிகம்.

5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி உடல் உழைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கு மேல் வராமல் இரைத்தால் தீவிரம். வாரத்தில் மூன்று நாளாவது அதுவும் வேண்டும். பத்துப் பத்து நிமிடமாகச் சேர்ந்தாலும் கணக்கில் வரும்.

உட்காரும் கணக்கையும் போட்டுப் பாருங்கள். அஸ்தம்பட்டியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று: போக வர வேனில் ஒன்றரை மணி, வகுப்பில் ஐந்தரை, டியூஷன் ஒன்றரை, ராத்திரி செல்போன் இரண்டு. பத்தரை மணி நேரம் ஆச்சு, வீட்டுப்பாடம் தனி. விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டால் அதுவும் போச்சு. வேனையும் வகுப்பையும் நாம் மாற்ற முடியாது. செல்போனை முடியும். முதலில் சாப்பாட்டு நேரத்துத் திரையை நிறுத்துங்கள். கண் ரீல்ஸில் இருந்தால் வயிறு நிறைந்தது தெரியாது. தட்டுவடை செட் இரண்டு பிளேட் போன இடம் தெரியாது. சார்ஜரைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். 6 முதல் 12 வயதுக்கு 9 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். அது குறைந்தால் மறுநாள் பசி கூடும், ஆடத் தெம்பிருக்காது.

ஆட்டத்தை மட்டும் நம்பியும் பயனில்லை. 45 கிலோ பிள்ளை அரை மணி வேகமாக நடந்தால் செலவாவது ஏறத்தாழ 90 கலோரி. பாவம், களைத்திருக்கிறான் என்று வாங்கித் தரும் 250 மில்லி கூல்டிரிங்ஸில் சுமார் 100 கலோரி! தண்ணீரோ மோரோ கொடுங்கள். வளரும் வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு எடை இறங்க வேண்டியதுகூட இல்லை. அது அப்படியே நிற்க, உயரம் ஏறினால் போதும். அதனால் மாதம் ஒருமுறை இரண்டையும் குறித்து வையுங்கள்.

முதல் வாரம் நாளுக்கு 15 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். சித்திரை வெயிலில் காலை எட்டுக்கு முன்பும் மாலை ஐந்தரைக்குப் பிறகும்தான் வெளியே ஆட்டம். ஏற்காட்டில் வெயில் தொல்லை குறைவு. ஆனால் ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் முட்டிக்குச் சுமை அதிகம், அங்கே ஓட விடாதீர்கள். எடை கூடிய பிள்ளைக்குச் சிமென்ட் தரையில் ஸ்கிப்பிங்கைவிட சைக்கிளும் நீச்சலும் நல்லது.

பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் அப்படியொரு பிள்ளை விந்தி நடந்து முட்டி வலிக்கிறது என்றால், சாக்குச் சொல்கிறான் என்று விரட்டாதீர்கள். தொடை எலும்பின் மேல்முனை இடுப்பு மூட்டில் நழுவியிருந்தாலும் வலி முட்டியில் மட்டும் தெரியலாம். நடக்க விடாமல் அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். இடுப்புக்கும் எக்ஸ்ரே வேண்டுமா என்று கேளுங்கள்.