ஓரணாச் சிற்றுண்டியும் கல்வி வரியும்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் வீடோ கடையோ வைத்திருப்பவர்கள் அரையாண்டுக்கு ஒருமுறை செலுத்தும் சொத்து வரிக்குள் கல்வி வரி என்று ஒரு பங்கு இருக்கிறது. மொத்தத் தொகையைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு ரசீதை மடித்து வைத்துவிடுகிற நம்மில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அந்தப் பங்கின் வேர் 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டத்தில் இருக்கிறது. கையில் காசு இல்லாத காலத்தில் மாநகராட்சிப் பள்ளிக்கான பணம் என்ன ஆகிறது என்பதைப் பேசுவதற்கு அந்த ஆண்டிலிருந்தே தொடங்குவது பொருத்தம்.

அது முதல் உலகப் போருக்குப் பிந்தைய விலையேற்றக் காலம். 1918 செப்டம்பரில்தான் இந்நகரில் அரிசிக் கடைகள் சூறையாடப்பட்டிருந்தன. ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் படித்த பிள்ளைகள் ஏழைகள் என்பதும், அதனால் வருகை பாதிக்கப்படுகிறது என்பதும் அன்றைய மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் கவலையாக இருந்தது. நாளொன்றுக்கு மாணவர் ஒருவருக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டுச் சிற்றுண்டி வழங்கும் தீர்மானத்தை மாமன்றம் 1920இல் ஏற்றது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922-23இல் 811ஆக இருந்த அப்பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டில் இரு மடங்கு!

ஆனால் 1925 ஏப்ரல் 1 முதல் சிற்றுண்டி நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடக் கூடாது என்று மேலே இருந்த அரசு மறுத்ததே காரணம். அதே 1925இல் தியாகராயரும் மறைந்தார். சில காலம் கழித்துத் திட்டம் மீண்டும் உயிர்பெற்றது என்றாலும், இடையில் நின்ற நாட்களுக்கு யாரும் பள்ளிப் பிள்ளைகளிடம் கணக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்தச் செய்தியைப் பெருமைக்காகச் சொல்பவர்கள் பெரும்பாலும் முற்பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்குப் பிற்பாதிதான் முக்கியமாகப் படுகிறது. கல்விக்கென்று தனி நிதி வேண்டும் என்று வாதிடுபவர்களில் நானும் ஒருவன். சாலைக்கும் குப்பைக்கும் போக மிஞ்சியது பள்ளிக்கு என்னும் நிலையை அது தடுக்கும். ஆயினும் எது கல்விச் செலவு, எது அல்ல என்று வரையறுக்கும் பேனா யார் கையில் இருக்கிறதோ, நிதியின் சாவியும் அவர் கையில்தான் இருக்கிறது.

அடுத்து, நம் கண்முன் நடந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன, கடைகளும் மூடப்பட்டன, வரி செலுத்துவதற்குக் கால அவகாசம் நீட்டிக்கப்பட்டது. வருமானம் இழந்த பெற்றோர் 2021இல் தனியார் பள்ளிகளை விட்டுத் தம் பிள்ளைகளை மாநகராட்சிப் பள்ளிகளில் சேர்த்தார்கள். பஞ்ச காலத்தில் கஞ்சித் தொட்டிக்கு முன் வரிசை நீள்வதைப் போலத்தான் இதுவும்: மற்றத் துறைகளில் கெட்ட காலத்தில் வேலையைத் தள்ளிப்போடலாம், பள்ளிக்கோ கெட்ட காலத்தில்தான் வேலை கூடுகிறது. நகரின் வருவாய் சுருங்கும் அதே ஆண்டில் வகுப்பறையில் பெஞ்சு போதாமல் போகிறது.

இந்த முரண்பாட்டைத் தாங்குவதற்கு நல்ல ஆண்டுகளில் வரி ஒழுங்காக வளர்ந்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. சென்னையில் 1998க்குப் பிறகு சொத்து வரியின் பொதுச் சீராய்வு 2022இல்தான் நடந்தது. 2018இல் அறிவித்த உயர்வும் அடுத்த ஆண்டே நிறுத்தி வைக்கப்பட்டது. கடைசியில் நகரின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 50 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 விழுக்காடும் ஒரே அடியாக ஏறியபோது மக்கள் அதிர்ந்தார்கள், அதில் வியப்பில்லை. சொல்லப்போனால், ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னும் உயர்வைத் தள்ளிப்போட்ட கட்சிகள் எல்லாமே இதற்குப் பொறுப்பு. போதாக்குறைக்கு 2016 முதல் 2022 வரை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலரே நிருவகித்தார். பள்ளிக் கூரை ஒழுகுகிறது என்று எழுந்து கேட்க அந்த மண்டபத்தில் ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாத ஆண்டுகள் அவை.

2022 செப்டம்பர் 15 அன்று மாநில அரசு தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதற்கட்டமாக 1,545 அரசு தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்றது. இம்முறை செலவை மாநிலமே ஏற்றது. 1925இல் மறுத்த இடத்திலிருந்தே பணம் வந்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் வகுப்பறை, கழிப்பறை, சுற்றுச்சுவர் ஆகியவற்றின் பராமரிப்பு இன்னமும் மாநகராட்சியின் பொறுப்புதான்; அவற்றுக்கு விழா எடுப்பவர் இல்லை.

ரிப்பன் மாளிகையில் அடுத்த நிதிநிலை அறிக்கை வாசிக்கப்படும்போது, எத்தனை திறன் வகுப்பறைகள், எத்தனை புதிய கட்டடங்கள் என்ற அறிவிப்புகள் கைதட்டலோடு வரும். அவற்றுக்கு முன்பாக, கடந்த ஆண்டு கல்வி வரியாக வசூலான தொகை எவ்வளவு, அதில் பள்ளிகளுக்குச் செலவானது எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று உங்கள் வார்டு உறுப்பினர் கேட்கட்டும். கேட்கச் சொல்லும் உரிமை உங்கள் ரசீதிலேயே அச்சாகியிருக்கிறது.

நன்றி. வணக்கம்.