காலையில் தமரின் கடலில் தூங்குகிறவை

வணக்கம் நேயர்களே. காவடிக்குச் சென்னையிலிருந்து நம் மொரீஷியஸுக்குச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினால், கோயில் முடிந்த மறுநாளே வீட்டில் எழும் பேச்சு, காலையில் மேற்குக் கரைத் தமரினுக்கு டால்ஃபின் பார்க்கப் போகலாமா என்பதுதான். தாராளமாகப் போங்கள். ஆனால் அந்த நேரத்தில் அவை அங்கே என்ன செய்கின்றன என்று தெரிந்துகொண்டு போங்கள்.

தமரின் விரிகுடாவில் காலையில் அதிகம் தென்படுவது ஸ்பின்னர் டால்ஃபின், துள்ளும்போது உடம்பைச் சுழற்றும் வகை. பகலெல்லாம் ஆழத்தில் கிடக்கும் சிறுமீனும் கணவாயும் இருட்டியதும் மேலே ஏறி வரும், இந்த டால்ஃபின்கள் கூட்டமாக வெளிக்கடலுக்குப் போய் அவற்றை இரவு முழுக்க வேட்டையாடும், விடிந்ததும் கரையோரம் வருவது ஓய்வெடுக்கத்தான். அடியில் வெளிர் மணலாக இருக்கும் இடமாகப் பார்த்து வருகின்றன, சுறா வந்தால் சட்டென்று தெரிந்துவிடும் அல்லவா! மூச்சு விட மேலே வந்தாக வேண்டும் என்பதால் நம்மைப் போல் அடித்துப் போட்டாற்போலத் தூங்க முடியாது, மூளையில் ஒரு பாதி உறங்க மறுபாதி விழித்திருக்கும். நெருங்கிச் சேர்ந்து, மெதுவாக, ஒன்றாக முங்கி ஒன்றாக எழுகின்றனவா? அதுதான் அவற்றின் தூக்கம்.

அந்த நேரத்தில் நாலைந்து படகுகள் சுற்றி வளைத்து, முன்னால் பாய்ந்து மறித்து, ஆட்களைத் தண்ணீரில் இறக்கிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கொதிக்கிறது. அரசு விதிகள் இருக்கின்றன, ஆனால் படகில் உட்கார்ந்து "இன்னும் கிட்டப் போங்க" என்று கத்துகிறவர்கள் நாம்தானே, பணம் கொடுப்பவர் கேட்டால் படகோட்டி என்ன செய்வார், பாவம். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: தூரத்திலேயே எஞ்சினை மெதுவாக்குவீர்களா, பக்கவாட்டில் போவீர்களா, அவை விலகிப் போனால் பின்தொடராமல் விடுவீர்களா? மழுப்பினால் வேறு படகு பாருங்கள்.

அப்புறம், திமிங்கிலம். பெருந்தலை கொண்ட ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் நம் மேற்குக் கரைக்கு வெளியே ஆழ்கடலில் வாழ்கின்றன. கூன்முதுகுத் திமிங்கிலங்களோ ஏறக்குறைய ஜூலை முதல் அக்டோபர் வரை, அண்டார்க்டிகா பக்கத்துக் குளிர்கடலிலிருந்து குட்டி போட இங்கே வருகின்றன. தாய் இங்கே இருக்கும் வரை பெரும்பாலும் பட்டினிதான். உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பிலிருந்துதான் பால் கொடுக்கிறது, படகு துரத்தினால் கரைவதும் அந்தக் கொழுப்புதான். குட்டியோடு ஒரு தாயைக் கண்டால் எஞ்சினை அடக்கச் சொல்லி, டால்ஃபினுக்கு விட்டதைவிட இன்னும் தள்ளியே நில்லுங்கள்.

நன்றி, வணக்கம்.