சீலிங்ல ஈரமா? பெயின்ட் டப்பாவை கடைசியா திறங்க

வணக்கம் நேயர்களே. ரொம்ப வருஷமா வீடு ரிப்பேர் வேலைல தான் இருக்கேன், யார் வீட்டுக்கு போனாலும் முதல்ல அண்ணாந்து தான் பார்ப்பேன். நீங்களும் இப்ப உக்காந்திருக்கற ரூம்ல கொஞ்சம் மேல பாருங்களேன். மூலைல மஞ்சளா ஒரு திட்டு, ஓரம் மட்டும் கொஞ்சம் கருத்து, பெயின்ட் உப்பிக்கிட்டு, தொட்டா வெள்ளையா பொடி கைல ஒட்டுதா? அப்ப இந்த பேச்சு உங்களுக்கு தான்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். ஃபேன் கொக்கி வழியாவோ லைட் பாயின்ட் வழியாவோ தண்ணி சொட்டுதுன்னா சுவிட்சை தொடாதீங்க, மெயினை அணைச்சுட்டு எலக்ட்ரீஷியனை கூப்பிடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

சரி, கறை வந்தா எல்லாரும் என்ன செய்யறாங்க? சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடிச்சுடறாங்க. அடுத்த மழைக்கு அதே இடத்துல அதே கறை. தண்ணி எங்கருந்து வருதுன்னு கண்டுபிடிக்காம கீழ கை வைக்கவே கூடாதுங்க, இதை நான் இன்னும் நாலு தடவை சொல்வேன், கோச்சுக்காதீங்க.

எங்க சித்தி வீட்டு கதை ஒண்ணு இருக்கு. ஹாலுக்கு மேல பாதி மொட்டை மாடி, பாதி ஒரு ரூமும் பாத்ரூமும். கறை வந்தது ஹால் ஃபேன் கொக்கிய சுத்தி, அதாவது சரியா மொட்டை மாடிக்கு கீழ. பார்த்தவங்க எல்லாரும் மாடி தான்னு சொல்லி, மேல வாட்டர்ப்ரூஃப் அடிச்சாச்சு, கறை போகல. சித்தி என்ன பண்ணாங்க தெரியுமா, ஏணி போட்டு ஏறி கறையோட ஓரத்துலயே பென்சில்ல கோடு போட்டு பக்கத்துல தேதி எழுதிட்டாங்க. கறை கோட்டை தாண்டினா புதுசா ஒரு கோடு, புது தேதி. கொஞ்ச நாள் கழிச்சு பார்த்தா நல்லா அடிச்சு பெஞ்ச மழைக்கு கறை நகரவே இல்ல, ஆனா ஊர்லருந்து பொண்ணும் பேரப்பிள்ளைங்களும் வந்து தங்கிட்டு போன வாரத்துல கோட்டை தாண்டியிருக்கு! மேல இருக்கற பாத்ரூமை அவங்க வந்தா தான் யூஸ் பண்ணுவாங்க. அப்புறம் கலர் கரைச்ச தண்ணிய பாத்ரூம் தரைல ஊத்தி பார்த்தோம், மறுநாள் ஃபேன் பாக்ஸ் ஓரத்துல அதே கலர். தண்ணி போற குழி இருக்குல்ல, ஃப்ளோர் ட்ராப், அதை சுத்தி சிமென்ட் விட்டுப்போய், தண்ணி கீழ இறங்கி, வயர் போற பைப்புக்குள்ள புகுந்து, அத்தனை தூரம் ஓடி ஃபேன்கிட்ட வந்து எட்டி பார்த்திருக்கு. கறை இருக்கற இடத்துக்கு நேர் மேல தான் ஓட்டைன்னு நம்பிடாதீங்க. அந்த ட்ராப்பை சரி பண்ண அப்புறம் கறை கடைசி கோட்டோடவே நின்னுடுச்சு.

மாடி மேல தான் சந்தேகம்னா, தண்ணி போற வாய அடைச்சு 25 மில்லிமீட்டர் உயரத்துக்கு தண்ணி கட்டி, ஒரு நாள் விட்டு பாருங்க. சதுர மீட்டருக்கு 25 கிலோ கனம் வரும், அதனால காரை பேர்ந்து கம்பி தெரியற ஸ்லாப்ல இதை செய்யவே கூடாது. பெரும்பாலும் கோளாறு நடு மாடில இருக்காது, கைப்பிடி சுவரும் தரையும் சேர்ற மூலைல தான் இருக்கும்.

ஒழுகல் நின்னாச்சா? உடனே பூசாதீங்க, காய விடுங்க, வாரக்கணக்குல கூட ஆகும். காஞ்சதும் மரக்கட்டையால சீலிங்கை மெதுவா தட்டுங்க. டக் டக்னு கெட்டியா கேட்டா நல்லது. டொப் டொப்னு கேட்டா உள்ள விட்டுப்போச்சு, அதை இறக்கித் தான் ஆகணும், இல்லன்னா ஒரு நாள் தூங்கறவங்க தலைல விழும். கண்ணாடி, மாஸ்க், ஹெல்மெட் போடாம இறக்காதீங்க.

இறக்கினா உள்ள கான்கிரீட் கம்பி தெரியுதான்னு பாருங்க. கம்பி துருப்பிடிச்சா அந்த துரு, இரும்பு இருந்த இடத்தை போல ரெண்டு மடங்குக்கு மேல இடம் கேட்கும், அது நெட்டறதால தான் கான்கிரீட் பிளந்து விழுது. அதனால கம்பியோட பின்பக்கம் வரைக்கும் திறந்து, வயர் பிரஷ்ல பளிச்னு தேய்ச்சு, துரு பிடிக்காம தடுக்கற ப்ரைமர் அடிச்சு, அப்புறம் பாலிமர் கலந்த சிமென்ட் கலவைய மெல்லிசா ரெண்டு மூணு தடவையா ஏத்தணும். கம்பி பாதி தேஞ்சு போயிருந்தா கொத்தனார் போதாது, இன்ஜினியரை கூட்டிட்டு வாங்க.

நேரம் ஆச்சுன்னு கை காட்டறாங்க, ஜிப்சம் சீலிங், அதான் ஸ்லாப்புக்கு கீழ பலகையா அடிக்கற ஃபால்ஸ் சீலிங், அதை பத்தி நிறைய சொல்லணும்னு வெச்சிருந்தேன். தண்ணி தேங்கி தொங்குதுன்னா கீழ வாளி வெச்சு சின்னதா ஒரு ஓட்டை போட்டு வடிச்சுடுங்க, ஊறி நொந்த பலகைய வெட்டி எடுத்து புதுசு தான் போடணும், அது தேறாது. பெயின்ட்டு, ஆங், சாதா பெயின்ட் அடிச்சா மஞ்சள் அதுல கரைஞ்சு மேல வந்துடும், அதனால முதல்ல கறைய அடைக்கற ஆயில் ப்ரைமரை கறைக்கு ஒரு சாண் வெளிய வரைக்கும் அடிச்சு, காஞ்சதும் மொத்த சீலிங்குக்கும் சேர்த்து பெயின்ட் அடிங்க, ஒரு இடத்துல மட்டும் அடிச்சா திட்டா தெரியும். வரேங்க, வணக்கம்.