துணியின் தொய்வில் இருக்கிறது சூட்சுமம்

நேயர்களுக்கு வணக்கம்.

மேசை மேல் வைத்துச் சுருட்டு உருட்டும் சின்ன மரப்பொறி ஒன்றை வீட்டிலேயே எப்படிச் செய்வது என்பதைப் பற்றி இன்று பேசப் போகிறேன். திருநெல்வேலிப் பக்கம் பீடிதானே, சுருட்டு எங்கே வந்தது என்று சிலர் கேட்கலாம். சுடலைமாடன் கொடை நடக்கும் ஊர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள். அந்தப் படையலில் சுருட்டும் உண்டு. எங்கள் குடும்பத்தில் அதைப் பெரியப்பாதான் தன் கையால் சுருட்டி வைப்பார். வயது ஏறி அவருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. கடையில் வாங்கி வைக்கலாம் என்றால் அவருக்கு மனம் ஒப்பவில்லை. "வீட்டுல செய்யாதத சாமிக்கு எப்படில வைக்க?" என்றார். எனக்கு மரவேலை தெரியும். நடுங்கும் கையாலும் இயக்கக்கூடிய ஒரு பொறி வேண்டும் என்று அப்போது தோன்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது புகைக்கச் சொல்லும் பேச்சு இல்லை. புகையிலை உடம்பைக் கெடுக்கும். சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வரும். இலையைத் தொட்டு வேலை செய்தாலே நிக்கோட்டின் தோல் வழியாக உள்ளே இறங்கும், தூசி மூச்சில் போகும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். விற்பதற்குச் செய்வது வேறு விஷயம், அதற்குச் சட்டமும் உரிமமும் உண்டு. பொறி எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் புகையிலையே தேவையில்லை. ஈரம் தெளித்த வாழைச்சருகும் காய்ந்த பூவரச இலையும் போதும். நான் பழகியதும் அப்படித்தான்.

சரி, சுருட்டுக்குள் என்ன இருக்கிறது? நடுவில் நீளவாக்கில் அடுக்கிய இலைகள். அவற்றைச் சேர்த்துப் பிடிக்க ஓர் இலை. எல்லாவற்றுக்கும் மேலே அழகுக்கும் வழவழப்புக்கும் இன்னோர் இலை. நம் பொறி முதல் இரண்டையும் சேர்த்து உருட்டித் தரும். மேல் இலையைக் கையால்தான் சுற்ற வேண்டும். நிகராகுவா, டொமினிக்கன் குடியரசு போன்ற நாடுகளின் சுருட்டுப் பட்டறைகளில் இதே வகைப் பொறியை லிபர்மேன் என்ற பெயரில் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் மேல் இலை கைவேலைதான்.

இனி பொறியின் உயிருக்கு வருகிறேன். ஒரு பலகை. அதன் மேல் ஒரு துணி. துணியின் ஒரு முனை நமக்கு அருகிலும் மறுமுனை தள்ளியும் பலகையோடு பொருத்தப்பட்டிருக்கும். துணிக்கு அடியில், நம் பக்கமாக, ஓர் உருளை. துணியை இறுக்கிக் கட்டாமல் கொஞ்சம் தொய்வாக விட்டால், உருளைக்கு முன்னால் அது தொட்டில் போலத் தொங்கும். இலைகளை அந்தத் தொட்டிலில் கிடத்த வேண்டும். நெம்புகோலைத் தள்ளினால் உருளை முன்னே நகர்ந்து, தொட்டிலின் வாயை மூடிக்கொண்டு போகும். முன்னால் கிடக்கும் துணி உள்ளே நுழைந்து, இலைக்கட்டைச் சுற்றி வந்து, உருளைக்கு மேலாகப் பின்னே போகும். அதனால் உள்ளே இருக்கும் கட்டு உருண்டுகொண்டே வரும். பிடிக்கும் இலையை முன்கூட்டியே துணி மேல் விரித்து வைத்திருந்தால், துணியோடு அதுவும் உள்ளே போய்க் கட்டைச் சுற்றிக்கொள்ளும். உருளை பலகையின் கோடியைத் தாண்டும்போது துணி விரிந்து, உருண்ட கட்டு வெளியே வந்து விழும்.

இதில் கவனிக்க வேண்டியது, சுருட்டின் பருமனை உருளை தீர்மானிப்பதில்லை. துணியின் தொய்வுதான் தீர்மானிக்கிறது. சுருட்டின் விட்டத்தை ஓர் அங்குலத்தின் 64 பாகங்களில் சொல்வது உலக வழக்கம். 42 என்றால் 42/64 அங்குலம், ஏறக்குறைய 17 மி.மீ. அதன் சுற்றளவு 53 மி.மீ. ஆக, உருளையைச் சுற்றிப் போகும் துணி போக, தொட்டிலுக்கு மட்டும் 53 மி.மீ. தொய்வு வேண்டும். 5 மி.மீ. கூடினால் சுருட்டு பொதபொதவென்று இருக்கும். 5 மி.மீ. குறைந்தால் காற்று போகாத கட்டையாகிவிடும். எனவே துணியின் அருகு முனையை ஆணி அடித்து நிரந்தரமாக்காதீர்கள். ஒரு மரச்சட்டத்தில் அதைச் சுற்றி, சட்டத்தை இரண்டு போல்ட்டிலும், கையாலேயே திருகக்கூடிய விங் நட்டிலும் நிறுத்துங்கள். திருகினால் தொய்வு மாற வேண்டும். வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்கக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து.

எந்தத் துணி? ரப்பர் டியூப்பை வெட்டிப் போடலாமே என்று பலர் சொல்வார்கள். ரப்பர் நீளும். நீண்டால் தொய்வின் அளவு ஒவ்வொரு தள்ளலிலும் மாறும். ரெக்சின் நீளாது, ஆனால் தொட்டிலின் வாயில் துணியின் இரண்டு மடிப்புகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் பிடித்துக்கொள்ளும். நெருக்கமாக நெய்த பருத்திக் கேன்வாஸ்தான் எனக்குத் திருப்தியாக இருக்கிறது. அதைத் துவைத்துச் சுருங்க விட்ட பிறகே வெட்ட வேண்டும். அகலம் 20 செ.மீ. போதும். ஓரங்களை மடித்துத் தைக்காதீர்கள். மடிப்பு இருக்கும் இடம் கனத்துப் போய், சுருட்டின் இரண்டு முனையும் ஒடுங்கிவிடும்.

உருளையைப் பொறுத்தவரை, அது தன் அச்சில் தாராளமாகச் சுழல வேண்டும். துணி அதன் மேல் ஓடுகிறதே, உருளை சுழலாவிட்டால் துணி இழுபடும், இலை கிழியும். 12 மி.மீ. இரும்புக் கம்பி போதும். எனக்கு மர உருளை மேல் ஆசை. அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புச் சாமான் கடையும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக மஞ்சக்கடம்பு மரத்தில் கடைசல் பிடித்தவர்கள். ஒரே சீராக, நடுவில் தடிக்காமல், ஓர் உருளை கடைந்து தருவது அவர்கள் கைக்குச் சாதாரணம். அந்தக் கடைசல் வேலை நம் மாவட்டத்தின் சொத்து. பொம்மைக்கு மட்டும் அதைக் கூப்பிடுவது போதாது என்று நினைக்கிறேன்.

அடுத்தது பலகை. இங்கேதான் கணக்கு கொஞ்சம் வேண்டும். உருளையைத் தாங்கும் நெம்புகோலின் இரண்டு கைகளும் பலகைக்குக் கீழே ஓர் அச்சில் திரும்புகின்றன. அப்படியானால் உருளை போகும் பாதை வட்டத்தின் ஒரு துண்டு. பலகை தட்டையாக இருந்தால், உருளைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். கையின் நீளம் 20 செ.மீ., பயணம் 21 செ.மீ. என்று வைத்தால், நடுவுக்கும் ஓரத்துக்கும் 2.7 செ.மீ. வித்தியாசம் வருகிறது. சுருட்டின் விட்டத்தைவிட அது அதிகம்! அதனால் பலகையும் வில்லாக இருக்க வேண்டும். பக்கப் பலகைகளில் கையின் அச்சு வரும் இடத்தில் ஓர் ஆணி அடித்து, கயிறு கட்டி, பென்சிலால் வில் கோடு போடுங்கள். கயிற்றின் நீளம் கையின் நீளத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். உருளையின் பாதி விட்டத்தையும் துணி இரண்டு மடிப்பின் கனத்தையும் கழித்து, இலை நுழைய மயிரிழை இடமும் விடுங்கள். அந்தக் கோட்டில் அறுத்து, மேலே 3 மி.மீ. ப்ளைவுட்டை வளைத்து அடித்தால் பலகை தயார். அதன் கனமும் கணக்கில் சேரும், மறந்துவிடாதீர்கள். ஆணி அடித்த துளையிலேயே கையின் போல்ட்டைப் போட்டால் மையம் தானாகப் பொருந்திவிடும். கைகளுக்கு இரும்புப் பட்டை, இரண்டையும் இணைக்க மேலே ஒரு குறுக்குக் கம்பி. அந்தக் கம்பிதான் பிடி. நடுங்கும் கையும் அதை உள்ளங்கையால் அழுத்தித் தள்ளிவிடும்.

இலையைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தது சித்தி. முக்கூடல் பக்கம் பிறந்து வளர்ந்தவர், சின்ன வயதிலிருந்தே பீடி சுற்றுகிறவர். பீடி இலை மத்தியப் பிரதேசம், ஒடிசா போன்ற இடங்களின் காடுகளிலிருந்து வருகிறது. அதை நனைத்து, பதம் பார்த்து, தகட்டை வைத்து வெட்டி, தூள் போட்டுச் சுற்றி, நூல் கட்டி, தலையை மடிப்பார்கள். பொறியைப் பார்த்ததும் அவர் உருளையையோ நெம்புகோலையோ கேட்கவில்லை. "இலைய எப்படிப் போடுத?" என்றுதான் கேட்டார். நடு நரம்பைக் கிழித்து எடுத்த பிறகு, மிச்ச நரம்புகள் சுருட்டின் நீளவாக்கில் படுக்கும்படி இலையைச் சாய்த்து வைக்கச் சொன்னார். இலையின் இடது பாதியை ஒரு பக்கமாகவும் வலது பாதியை எதிர்ப்பக்கமாகவும் சுற்றினால்தான் நரம்பு புடைக்காது. உலகின் பெரிய சுருட்டுப் பட்டறைகளிலும் இதே முறைதான். பதத்துக்கும் அவரே ஒரு சோதனை சொன்னார். இலையை உள்ளங்கையில் கசக்கித் திறந்தால், நொறுங்காமல் மெதுவாக விரிய வேண்டும். பங்குனி வெயிலில் பாளையங்கோட்டையில் இலை அரை மணியில் சருகாகிவிடும், ஈரத்துணி போட்டு மூடி வைக்க வேண்டும். சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் அந்தக் கவலை இல்லை, அங்கே பூஞ்சைக்குத்தான் பயப்பட வேண்டும்.

உருட்டிய கட்டை அப்படியே மேல் இலைக்குக் கொண்டுபோக முடியாது. அச்சில் வைத்து அழுத்த வேண்டும். அச்சு செய்ய எளிய வழி உண்டு. இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே ஓர் அட்டையை வைத்துப் பட்டறைப் பிடியில் இறுக்கி, இரண்டும் சேரும் கோட்டிலேயே 17 மி.மீ. துளைகளை வரிசையாகப் போடுங்கள். பிரித்தால் இரண்டு பக்கமும் அரை வட்டப் பள்ளம். அட்டையை எடுத்துவிட்டு மூடினால் கட்டு சரியாக இறுகும். அரை மணி முதல் முக்கால் மணி வரை வைத்து, ஒருமுறை திருப்பி, மறுபடி அழுத்த வேண்டும். திருப்பாவிட்டால் பக்கத்தில் வரப்பு விழும். அப்புறம் மேல் இலை, நுனிக்கு மட்டும் துளி மைதாப் பசை. நிழலில் உலரட்டும்.

வேலை முடிந்ததும் விங் நட்டைத் தளர்த்தி, துணியைக் கழற்றித் துவைத்துக் காயப் போடுங்கள். புகையிலைப் பிசின் ஏறிய துணி விறைத்துப்போய், அடுத்த முறை தொய்வு சொன்ன பேச்சு கேட்காது.

இதே பொறியில் பீடி சுற்ற முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம், பேட்டை என்று எங்கே போனாலும் மடியில் தட்டை வைத்துக் குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கிறோம். நல்ல கைப்பழக்கம் உள்ளவர் நாளில் ஆயிரம் வரை சுற்றுவார். எட்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு இரண்டு. கூலியும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று 1966-லேயே மத்தியச் சட்டம் வந்தது. ஆனாலும் அவர்கள் கழுத்து வலியையும் இடுப்பு வலியையும் எந்தச் சட்டமும் தொடவில்லை. அவர்கள் வேலையைப் பறிக்கும் பொறி எனக்கு வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்து அதே வேலையைச் செய்ய ஒரு பொறி வேண்டும்.

ஆனால் பீடி கூம்பு வடிவம். ஒரு முனையின் சுற்றளவு வேறு, மறுமுனையின் சுற்றளவு வேறு. எனவே துணியின் தொய்வும் இரண்டு ஓரத்தில் இரண்டு அளவாக இருக்க வேண்டும், அருகு முனைச் சட்டத்தைச் சாய்த்துப் பூட்ட வேண்டும். கூம்பு நேர்கோட்டில் உருளாது, வளைந்து போகும். ஆக, துணியையும் விசிறி வடிவில் வெட்ட வேண்டும், கைகள் இரண்டும் வெவ்வேறு நீளத்தில் வேண்டும். அந்தத் துணியை இப்போது வெட்டி வைத்திருக்கிறேன். கைகளுக்குப் பட்டை வளைக்கும் வேலை நடக்கிறது. சித்தி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, தலையை மடிக்கிற வேலையை எந்த இடத்தில் வைத்திருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். அதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. பட்டறை வைத்திருக்கும் நேயர்கள் யாருக்காவது யோசனை தோன்றினால், நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

வணக்கம்.