கோயில் இல்லா ஊரும் உபதேசியார் இல்லாச் சபையும்

அருட்பெருந்திரு பேராயர் ஐயா அவர்களே, மேடையிலிருக்கும் போதகர்மார்களே, சபைச் சங்கத் தலைவர் அவர்களே, வெயிலென்றும் பாராமல் வந்திருக்கும் மாதர் சங்கத் தாய்மார்களே, ஒலிபெருக்கி கட்டிய வாலிபர் சங்கத் தம்பிகளே, உங்கள் அனைவருக்கும் தோத்திரம். பொருளாளர் ஐயாவை விட்டுவிட்டேன். அவருக்குத் தனித் தோத்திரம், அவரிடம் கடைசியில் வேலை இருக்கிறது.

'கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்' என்பார்கள். நம் லுத்தரன் சபை இல்லாத ஊர்களில் சபை தொடங்க மூன்று வேண்டும்: ஆள், இடம், பணம். முதலில் ஆள்.

1706 ஜூலை 9-இல் ஜெர்மன் மிஷனெரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். ஆண்டுதோறும் மாலை போடுகிறோம், நல்லது. ராஜநாயக்கனுக்கு மாலை போட்டவர் யார்? தஞ்சாவூர் மராத்திய அரசரின் படையில் வேலை. பிறப்பால் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் எப்படியோ கைக்கு வந்தது. இரவல் புத்தகம், திருப்பித் தரவேண்டும். என்ன செய்தார்? ஓலையில் படியெடுக்க உட்கார்ந்துவிட்டார்! அச்சில் வந்ததை மறுபடி ஓலைக்கு இறக்குகிறார் ஐயா, வாள் பிடித்த கையில் எழுத்தாணி! நம் வீட்டில் எத்தனை வேதாகமம், எத்தனை தூசி... சரி, மாதர் சங்கத்தார் சிரிக்கிறார்கள், விட்டுவிடுகிறேன். பிறகு மிஷனெரிகளைத் தேடிப்போனார், போதகருக்குத் துணையாக வேதம் கற்றுக்கொடுக்கும் உபதேசியாரானார். அந்தக் காலத்தில் தஞ்சாவூர்ச் சீமைக்குள் வெள்ளைக்கார மிஷனெரி நினைத்தபடி நுழைய முடியாது. ராஜநாயக்கன் நுழைந்தார், அது அவர் ஊர். 'கோயில் இல்லா ஊரில்' குடியிருந்தே சபையைச் சேர்த்தார்.

கடலூர்க்காரர் ஆரோன் ஐயரும் முதலில் உபதேசியார்தான். 1733 டிசம்பர் 28-இல் குருப்பட்டம் பெற்றார். இந்தியப் புரொட்டஸ்டன்டுகளில் முதல் போதகர் அவர்.

இன்று நாம் என்ன செய்கிறோம்? ஒரு புதுக் குடியிருப்பில் நம் குடும்பங்கள் நாலைந்து இருப்பதாகக் காதில் விழுந்ததும் மனை பார்க்கக் கமிட்டி போடுகிறோம். கமிட்டி மனை பார்த்து முடிப்பதற்குள் அந்தக் குடும்பங்கள் வேறு சபையில் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கின்றன. நம் லுத்தரன் விசுவாச அறிக்கையான 1530-ஆம் ஆண்டின் அவுக்ஸ்புர்க் அறிக்கை, 7-ஆம் பிரிவு, சபை என்றால் என்ன என்கிறது? சுவிசேஷம் சுத்தமாய்ப் போதிக்கப்பட்டு, ஞானஸ்நானம், திருவிருந்து என்ற சாக்கிரமெந்துகள் ஒழுங்காய் வழங்கப்படுகிற பரிசுத்தவான்களின் கூட்டம். அதில் கோபுரம் இல்லை, காம்பவுண்டுச் சுவர் இல்லை. ஒருவர் வீட்டுத் திண்ணை போதும். வாரம் தவறாமல் வந்து ஞானோபதேசம் சொல்லித்தர ஓர் உபதேசியார் வேண்டும், மாதம் ஒருமுறை திருவிருந்து கொடுக்கப் போதகர் வந்தால் போதும்.

'கோயில் இல்லா ஊரில்' என்று மறுபடி தொடங்குவதற்குள் மணி அடித்துவிட்டார்கள். இடமும் பணமும் இன்னொரு நாளைக்கு. பொருளாளர் ஐயா, வருகிற சங்கக் கூட்டத்தில் கட்டட நிதிக்கு மேலே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: உபதேசியார் சம்பளம்.